மணிக்கு யார் டி.சி. வாங்குவது?

திருப்பூரில் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குத் திரும்பும் குடும்பத்துக்கு, என்னென்ன மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டில் முகவரி, கம்பெனியில் பி.எஃப். கணக்கு, வீட்டு ஓனரிடம் அட்வான்ஸ், பிள்ளையின் பள்ளியில் டி.சி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள்.

அந்தத் தாளில் நாய் இருக்காது. சாமான் ஏற்றிய வண்டியில் கடைசியாக ஏறும் ஜீவன் அது. பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் இடம் பிடித்துக்கொண்டால் அதன் வேலை முடிந்தது. அதற்கு ஏது டி.சி.?

மடத்துக்குளத்துக்குத் திரும்பிய ஒரு குடும்பத்துக்கு அந்தக் கேள்விக்கான விடை, வந்து இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிட்டது.

ஒன்பது வருடம், ஒரு நாய்

கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவி ஓவர்லாக் டெய்லர். திருப்பூரில் ஒன்பது வருடம். மகன் நான்காவது படிக்கும்போது லைன் வீட்டு வாசலில் ஒரு நாட்டு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. மணி என்று பெயர் வைத்தான். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவைத் தெருமுனையிலிருந்து வீடுவரை கூட்டிவருவது மணியின் வேலை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மாமனார் இறந்த பிறகு மடத்துக்குளத்தில் மாமியார் தனியாக இருந்தார். இரண்டு மாடு, கொஞ்சம் தென்னை, அமராவதிப் பாசனத்தில் சிறிது நிலம். மகன் எட்டாவது முடித்ததும் மே மாதக் கடைசியில் ஊருக்கே வந்துவிடுவது என்று முடிவானது. கணவர் மட்டும் கணக்கு முடிக்க இன்னும் ஒரு மாதம் திருப்பூரில் தங்கிக்கொண்டார்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு மணிக்குக் காய்ச்சல். சோறு தின்னவில்லை. மருமகள் வேலை முடிந்த கையோடு வழக்கமாகப் போகும் நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் பார்த்தார், ஒரு ஊசி போட்டார், காகித உறையில் மாத்திரை போட்டுக் கொடுத்தார். மறுநாளே மணி எழுந்து நடந்தது. அதோடு அந்தக் காய்ச்சல் மறந்துபோனது. மூட்டை கட்டும் அவசரத்தில் வேறு எது நினைவிருக்கும்?

மாட்டுக்கு நம்பர் உண்டு

மாமியார் வீட்டில் மணிக்கு முதல் இரண்டு நாள் மாடுகளைப் பார்த்துக் குரைப்பதே வேலை. மாடுகள் கண்டுகொள்ளவில்லை. அவற்றின் காதில் மஞ்சள் வில்லை தொங்கியது. அதில் 12 இலக்க எண். கோமாரி தடுப்பூசி போட வரும் கால்நடைத் துறையினர் அந்த எண்ணைப் பதிவு செய்துகொண்டுதான் ஊசி போடுவார்கள். மத்திய அரசின் கோமாரி நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019-ல் வந்தபிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த ஊசியும் பதிவும் நடக்கின்றன. மாடு கை மாறினாலும் சந்தையில் விலை போனாலும் எண் காதிலேயே இருக்கும்.

“மாட்டுக்கு ஆதார் கார்டு வந்துருச்சு கண்ணு. உங்க ஊட்டு நாய்க்கு ஒண்ணும் இல்லீங்களா?” என்று பேரனைக் கேலி செய்தார் மாமியார்.

நாய்க்கும் எண் உண்டு, பெருநகரங்களில். அரிசி அளவில் ஒரு சிப்பைத் தோளுக்கு நடுவில் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். கருவியைக் காட்டினால் 15 இலக்க எண் தெரியும். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும் சிப்பும் கேட்கிறது. ஆனால் அந்தச் சிப்புக்குள் எண் மட்டும்தான் இருக்கும். போன மாதம் என்ன காய்ச்சல், என்ன ஊசி என்ற கதையெல்லாம் அதில் கிடையாது. அது டாக்டரின் நோட்டில் இருக்கும், அல்லது வளர்ப்பவரின் ஞாபகத்தில் இருக்கும். இரண்டும் வெவ்வேறு ஊரில் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் ஜூன் மாதம் முதல் வாரத்தில் நடந்தது.

மஞ்சள் ஊசி

மணி மறுபடி படுத்தது. இந்த முறை கண்ணைத் திறக்கவே சோம்பல். ஈறு வெளுத்திருந்தது. சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. மாமியார் பார்த்துவிட்டு, “இது நல்லால்ல அம்மிணி, இப்பவே உடுமலைக்குக் கொண்டு போயிருங்க” என்றார்.

மகன் மடியில் துண்டு விரித்துக்கொள்ள, பக்கத்து வீட்டு ஆட்டோவில் உடுமலைப்பேட்டைக்குப் போனார்கள். அங்கே கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா. காது மடலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்தார். சிவப்பணுக்களுக்குள் பேபீசியா என்ற ஒட்டுண்ணி. உண்ணி கடித்தால் வருவது. உண்ணியால் வரும் எர்லிக்கியா என்று இன்னொன்றும் உண்டு. அது வெள்ளையணுக்களைப் பிடிக்கும். ஊரில் இரண்டுக்குமே ஒரே பெயர்தான், உண்ணிக் காய்ச்சல்.

“இதுக்கு முன்னாடி எப்பவாவது வந்திருக்கா?”

“போன மாசக் கடைசில வந்துச்சுங்க மேடம். திருப்பூர்ல காட்டினோம்.”

“என்ன ஊசி போட்டாங்க?”

மருமகள் யோசித்தார். “மஞ்சளா இருந்துச்சுங்க.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “மஞ்சள்ல அஞ்சாறு ஊசி இருக்குதும்மா. சத்து ஊசிகூட மஞ்சள்தான். மாத்திரை ஏதாவது மிச்சம் இருக்கா?”

பையில் அந்தக் காகித உறை இருந்தது. உறைமேல் ‘1-0-1’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரே ஒரு மாத்திரை. அட்டையை ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்ததில், மருந்தின் பெயர் இருந்த பக்கம் வேறு யாருடைய நாய்க்கோ போயிருந்தது.

டாக்டரம்மா மருந்து அலமாரியைத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த நோய்க்கு நம் ஊரில் பரவலாகப் போடும் ஊசி டிமினசீன் என்றும், அதுவும் மஞ்சள்தான் என்றும் சொன்னார். நல்ல மருந்து, ஆனால் கணக்காகப் போட வேண்டியது. அளவு மீறினாலும், கொஞ்ச நாளுக்குள் திரும்பப் போட்டாலும் நரம்பைத் தாக்கக்கூடும். நடை தள்ளாடும், வலிப்பு வரும், உயிரே போகலாம். திருப்பூரில் போட்டது அந்த ஊசிதானா, என்றைக்கு, எவ்வளவு என்று தெரியாமல் இன்னொரு முறை போட அவருக்குக் கை வரவில்லை.

“அந்த டாக்டருக்கு ஒரு போன் போடுங்கம்மா.”

மருமகள் போனைக் கையில் எடுத்தார். போடவில்லை.

நானூறு ரூபாய்

காரணம் சின்னது. அன்றைக்கு ஊசிக்கும் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் ஆன தொகையில் 400 ரூபாய் குறைந்தது. “அடுத்த தடவை வரும்போது குடுங்க” என்றார் டாக்டர். அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. நான்காம் நாள் வண்டி ஏறிவிட்டார்கள். போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

ஐந்து வருடம் பார்த்த டாக்டர். குட்டியாக இருந்தபோது பார்வோ வந்து ரத்தமாகக் கழிந்ததில் மணி பிழைத்ததே அவர் கையால்தான். அவரிடம் சொல்லாமல் கிளம்பி வந்து, பாக்கியும் வைத்துவிட்டு, இப்போது வேறொரு டாக்டர் மேசை முன்னால் நின்றுகொண்டு ‘நீங்கள் என்ன ஊசி போட்டீர்கள்’ என்று கேட்பது எப்படி? கடன் வாங்கியவர் வீட்டு வாசலில் போய் இன்னொரு கடன் கேட்பதுபோல இருந்தது அவருக்கு.

மளிகைக் கடையை மாற்றினால்கூடப் பழைய கடைக்காரர் கண்ணில் படாமல் சுற்றிப் போகிற ஊர் வழக்கம் நம்முடையது. டாக்டரை மாற்றுவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததால் பழைய சீட்டைக் கேட்பதும் இல்லை. மனிதர்களுக்கு அப்படி ஒரு சீட்டு விட்டுப்போனால் பரவாயில்லை, புது டாக்டர் கேட்கும்போது வாயால் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல மணிக்கு வாய் இல்லை.

டாக்டரம்மாவுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். “ஊர் மாறினா டாக்டரை மாத்தித்தானே ஆகணும்? இதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. எங்கிட்ட வந்த நாயும் நாளைக்குக் கோயமுத்தூர் போகும். அங்கே இருக்கிற டாக்டர் கேட்டா நானும் சொல்லத்தான் போறேன்” என்றார்.

மகன் அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கி, எண்ணைத் தேடி, அழைத்து, மறுபடி அம்மா காதிலேயே வைத்தான்.

எடுத்தவர் கிளினிக் உதவியாளர். “நாய் பேருங்க?”

“மணிங்க.”

“மணின்னு நம்ம நோட்டுல பதினஞ்சு இருக்குதுங்க. உங்க போன் நம்பர் சொல்லுங்க.”

சொன்னார். அந்த எண் நோட்டில் இல்லை. கணவரின் பழைய எண்ணைக் கொடுத்திருந்ததும், அந்த சிம் போய் இரண்டு வருடம் ஆனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய பெயரைக் கேட்டால், நாய் யார் பெயரிலும் இல்லை. உதவியாளர் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. இங்கே மேசைமேல் மணி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் அதைச் சொன்னார். “ஏனுங்க, நானூறு ரூபா பாக்கி வச்சிருந்தோங்க. மே மாசக் கடைசில.”

“அட, அந்த மணியா! இருங்க இருங்க, பாக்கி நோட்டுல இருக்குது.”

எதைச் சொல்லக் கூசினாரோ அதை வைத்துத்தான் பக்கம் கிடைத்தது. ஒரு நிமிடத்தில் டாக்டரே பேசினார். பாக்கியைப் பற்றி அவர் கேட்கவில்லை. “இப்ப எப்படி இருக்குது? அங்க டாக்டர் பக்கத்துல இருக்காங்களா? குடுங்க” என்றார்.

இரண்டு டாக்டர்களும் பேசிக்கொண்டார்கள். முக்கால்வாசி மருந்துப் பெயர்கள். பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் நோட்டுப் பக்கத்தின் போட்டோ வந்தது. எடை 17 கிலோ. காய்ச்சல் 104 டிகிரி. பேபீசியா. டிமினசீன் ஊசி, போட்ட அளவு, தேதி. கூடவே எர்லிக்கியாவும் இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை, முதலில் 5 நாளுக்கு. கடைசி வரியில்: ‘மறுபடி வரணும். மொத்தம் 28 நாள்.’

ஊசி போட்டு 11 நாள்தான் ஆகியிருந்தது.

டாக்டரம்மா அந்த ஊசியை எடுக்கவில்லை. மாத்திரைகளை வைத்துத் தொடங்கினார். ரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார். உள்ளங்கை பட்டதும் மணி வாலை ஒருமுறை ஆட்டியது. அன்று அதிகபட்சம் அவ்வளவுதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

மூன்று நாள் தினமும் உடுமலைக்குப் போய்வந்தார்கள். நான்காம் நாள் மணி மோர்சோற்றை நக்கியது. ஒரு வாரத்தில் மாடுகளைப் பார்த்துக் குரைத்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாய் குணமாகிவிட்டதுபோலத் தெரிவதும், கிருமி முழுதாகப் போவதும் வெவ்வேறு நாளில் நடக்கிற காரியம்.

காத்திருந்த நேரத்தில் அவர் மகனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னார். முதல் பக்கத்தில் அவரே எழுதிக் கொடுத்தார்: பெயர், நிறம், வயது, இப்போதைய எடை. எடை எதற்கு என்று பையன் கேட்டான். நாய்க்கு எல்லா மருந்தும் கிலோ கணக்கில்தான் என்றார். அடுத்த பக்கத்தில் வந்த நோய்கள், தேதியோடு. அதற்கடுத்து கொடுத்த மருந்து, அளவு, எத்தனை நாள். ஒத்துக்கொள்ளாத மருந்துக்குத் தனிப் பக்கம், அதுவும் சிவப்பு மையில். வலிக்கு ஒருவர் கொடுத்த மாத்திரையும், அரிப்புக்கு இன்னொருவர் போட்ட ஸ்டீராய்டும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் நாயின் குடலில் புண் விழுந்து ரத்தம் கசியும். இரண்டு டாக்டரும் சரியாகத்தான் கொடுத்திருப்பார்கள். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

“மாத்திரை அட்டையை வெட்டிக் குடுத்தா, பேரை உறைமேல எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அன்னைக்கே போட்டோ எடுத்துக்கங்க. ஊரை விட்டுப் போறதா இருந்தா, போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவரே ஒரு தாள்ல சுருக்கமா எழுதித் தருவார்” என்றார்.

அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுகிறவர்களுக்கும் ஒரு யோசனை சொன்னார். அங்கே டாக்டர் இடமாறுதலில் போய்விடலாம், பதிவேடு அங்கேயேதான் இருக்கும். சீட்டில் உள்ள எண்ணையும் தேதியையும் குறித்து வைத்திருந்தால், புதிதாக வருபவர் பக்கத்தைத் தேடிப் பார்க்க முடியும். 2020-ல் தொடங்கிய உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ அனுப்ப வேண்டி வந்தாலும் முதலில் கேட்பது பழைய சீட்டைத்தான்.

தடுப்பூசிப் புத்தகம் மட்டும் பத்திரமாக இருந்தது, ரேஷன் கார்டு உறைக்குள். குட்டியாக இருந்தபோது போட்ட ஊசிகளுக்கெல்லாம் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை உரித்து ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்டிருந்தார் திருப்பூர் டாக்டர். ஆனால் கடைசியாகப் போட்ட வெறிநோய்த் தடுப்பூசி அதில் இல்லை. அது ஒரு முகாமில் போட்டது. அங்கே கொடுத்த துண்டுச் சீட்டு வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது.

சீட்டு இல்லாவிட்டால் ஊசி போடாததாகவே கணக்கு. உடம்பு தேறட்டும், மறுபடி போட்டுவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஜூலை 6-ம் தேதி அதற்கு வாய்த்தது. 1885-ம் ஆண்டு அதே தேதியில்தான், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலாகத் தன் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். அதன் நினைவாக விலங்கிலிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான தினமாக அதைக் கொண்டாடுகிறார்கள். அன்று தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவமனைகளில் வளர்ப்பு நாய்களுக்கு இலவச ஊசி போடுவது வழக்கம். மகன் மணியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போனான். இந்த முறை நோட்டையும் கையோடு கொண்டுபோய், ஊசி போட்டவரிடமே எழுதி வாங்கிக்கொண்டான்.

ஒரு விஷயத்தை டாக்டரம்மா அவனிடம் அழுத்திச் சொல்லியிருந்தார். மணி யாரையாவது கடித்துவிட்டால், நாய்க்கு ஊசி போட்டாச்சு என்று நோட்டைக் காட்டி அவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நோட்டு நாய்க்கு வைத்தியம் பார்க்க. கடிபட்ட மனிதருக்குத் தனியாக ஊசி வேண்டும்.

மாமியாருக்கு முதலில் இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. “எங்க காலத்துல நாய்க்கு ஏது நோட்டு?” என்றார். பிறகு அவரே ஒருநாள் பேரனைக் கூப்பிட்டு, செவலை மாடு எந்தத் தேதியில் சினை ஊசி போட்டது என்று கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னார். எண் காதில் இருந்தாலும், பால் வற்றும் நாளை எண்ணுவதற்குத் தேதி வீட்டில் இருக்க வேண்டுமல்லவா?

கணவர் திருப்பூர்க் கணக்கை முடித்துக்கொண்டு ஜூன் கடைசியிலேயே வந்துவிட்டார். கிளம்பும் முன் அந்த கிளினிக்குக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரும்படி மனைவி சொல்லியிருந்தார். போனார். ஆனால் டாக்டர் அறுவை சிகிச்சையில் இருந்ததால் பார்க்க முடியவில்லை. அதனால் மருமகளே ஒரு ஞாயிற்றுக்கிழமை 400 ரூபாயை ஜிபேயில் அனுப்பி, கீழே ‘மணி பாக்கி, நன்றிங்க டாக்டர்’ என்று எழுதினார். கூடவே தென்னை மரத்தடியில் மணி படுத்திருக்கும் ஒரு போட்டோ.

சாயங்காலம் பதில் வந்தது. பணம் வந்தது பற்றி ஒரு சொல் இல்லை.

‘உடுமலை டாக்டர் குடுத்த மருந்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா. என் நோட்டுலயும் எழுதி வச்சுக்கறேன். அடுத்து இதே மாதிரி ஒரு நாய் வந்தா உதவும்.’

மகன் நோட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மூன்று பக்கத்தைப் படம் பிடித்தான். சிவப்பு மையில் எழுதியிருந்த பக்கத்தை முதலில் அனுப்பினான்.